காலுக்குப் பக்கத்தில் ஒரு காசு

1

நேற்றோடு நான் லெஸ்டருக்கு வந்து இரண்டு வருஷம். இங்கே நம்ம ஆட்கள் வந்திறங்கிய தேதியை இரண்டாவது பிறந்தநாள் மாதிரிக் கொண்டாடுவார்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் உம்மா அழ, வாப்பா வேறெங்கோ பார்க்க, நடுவில் பெட்டியோடு நிற்கிற பழைய படத்தைத் தூக்கிப் போட்டு, கீழே நாலு வரி தத்துவம் எழுதுவார்கள். நானும் எழுதத்தான் இருந்தேன். வசனம்கூட ரெடி. ஆனால் போன செவ்வாய்க்கிழமை ஊரில் இருந்து வேறொரு படம் வந்து என் வசனத்தை எல்லாம் தின்றுவிட்டது.

ஆகவே இது தத்துவம் இல்லை. போனில் நல்ல படம் எடுப்பது எப்படி என்பது பற்றிய குறிப்பு. இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். சாய்ந்தமருதுக் கடற்கரையில் சூரியன் உதிக்கிற படத்தை ஆயிரம் தடவை எடுத்தவன் நான். கெம்பஸில் எவனுக்குப் பட்டமளிப்பு என்றாலும், எவளுக்கு நிக்காஹ் என்றாலும், "அவனக் கூப்பிடு, அவன்ட போன்ல எடுத்தா வேற மாதிரி வரும்" என்பார்கள். வேற மாதிரி வந்ததற்குக் காரணம் நான் இல்லை. ஒரு பில்டர். கறுப்பை இன்னும் கறுப்பாக்கி, வெயில் நாளில்கூட வானத்தை இடி விழப்போகிற மாதிரி ஆக்கிவிடும். அதைப் போனில் நிரந்தரமாகப் போட்டு வைத்திருந்தேன். எதை எடுத்தாலும் அந்தக் கறுப்போடுதான் விழும். தயிர்ச்சட்டியை எடுத்தாலும் திரில்லர் படப் போஸ்டர் மாதிரி இருக்கும்.

வெளிக்கிடும்போது அந்தப் போனைத் தங்கச்சி ஸஹ்னாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பில்டரையும் சேர்த்துத்தான். அதை அப்போது யார் யோசித்தது?

2

இங்கே என் வேலை நாண் ரொட்டி பேக்கரியில். காலை ஐந்து மணிக்குத் தொடக்கம். மாவைத் தட்டி, வெண்ணெய் பூசி, மேலே எள்ளும் கருஞ்சீரகமும் தூவி, கொதிக்கிற அடுப்புச் சுவரில் அறைய வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை என்று எண்ணுவதை முதல் மாதமே நிறுத்திவிட்டேன். முதுகலைப் பட்டம் எடுத்த கையால் அறைகிறேன் என்பது ரொட்டிக்குத் தெரியாது.

வாப்பாவுக்கும் தெரியாது. ஊருக்குச் சொன்னது, "ஒரு உணவுக் கம்பனியில் தரக்கட்டுப்பாடு." முழுப் பொய் இல்லை. கருகின ரொட்டியைப் பொறுக்கி எறிவதும் தரக்கட்டுப்பாடுதானே. ஊருக்கு அனுப்புகிற படங்களும் அதே மாதிரி. ஞாயிற்றுக்கிழமை, பூங்கா, கூட இருக்கிறவனின் கோட்டு, பின்னால் யாரோ ஒருவரின் கார். காலில் மாவு படிந்த சப்பாத்து தெரிந்தால் கீழே வெட்டிவிடுவேன். முழங்கைக்குக் கீழே அடுப்பு சுட்ட தழும்புகள் இருக்கின்றன, அதனால் வெக்கையிலும் நீளக் கை சட்டை. கடைசி ஆறு மாதத்தில் வீட்டுக்குப் போன் கோல் எடுப்பதும் குறைந்துவிட்டது. பொய்யைக் கோலில் காப்பாற்றுவதைவிடப் படத்தில் காப்பாற்றுவது லேசு.

இன்னொரு பக்கம் விசா. படிப்பு விசா முடிந்து அடுத்ததற்கு விண்ணப்பித்திருந்தேன். அந்த இணையத்தளம் என் முகத்தை மூன்று தடவை திருப்பி அனுப்பியது. முதல் தடவை "பின்னணியில் நிழல்." இரண்டாம் தடவை "முகத்தில் சீரற்ற வெளிச்சம்." மூன்றாம் தடவை காரணமே சொல்லவில்லை, வேண்டாம் என்று மட்டும் சொன்னது. ஆயிரம் சூரிய உதயம் எடுத்தவனுக்கு எவ்வளவு அவமானம் பாருங்கள். நாலாம் தடவை பில்டரும் கில்டரும் இல்லாமல், பகலில் ஜன்னலைப் பார்த்து நின்று, சுவரில் இருந்து இரண்டு அடி முன்னால் வந்து எடுத்தேன். ஏற்றுக்கொண்டது. படத்தில் நான் கள்ளன் மாதிரி இருந்தேன், ஆனால் நான்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. அரசாங்கத்துக்கு அழகு தேவையில்லை, ஆள் தெரிந்தால் போதும் என்று அன்றைக்கு விளங்கியது.

அந்த விண்ணப்பத்தின் கீழே ஒரு வரி இருந்தது. முடிவு வருவதற்கு முன் நாட்டை விட்டு வெளியேறினால், விண்ணப்பத்தை நீங்களே மீளப்பெற்றதாகக் கொள்ளப்படும். அதாவது போனால் போனதுதான். அந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

3

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது ஸஹ்னாவின் படம் வந்தது. கீழே அண்ணன் எனக்கு ஒரு செய்தி: "காக்கா, இது வாப்பாட கால். ஒங்களுக்குச் சொல்ல வேணாம் எண்டு உம்மா சத்தியம் வாங்கின. எனக்குப் பயமா இரிக்கி."

படம் ஆடியிருந்தது. ஒரு குதிகால். சுற்றிலும் சாம்பல் நிறத் தோல். நடுவில் கன்னங்கரேல் என்று ஒரு வட்டம்.

வாப்பாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, பத்து வருஷமாக இருக்கிறது. நற்பிட்டிமுனைப் பக்கம் எங்கள் வயல். மூன்று கிழமைக்கு முன் வாய்க்காலில் இறங்கினபோது யாரோ எறிந்த போத்தல் துண்டு குதிகாலில் ஏறியிருக்கிறது. சீனிக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைவு. வீட்டுக்கு வந்து, முற்றம் முழுக்க இரத்த அடையாளம் கிடக்கக் கண்டு உம்மா கத்தின பிறகுதான் தன்னுடைய காலைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். கிழமைக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் மருந்து கட்டு. இவ்வளவும் நடந்து, எனக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. நான் கோல் எடுத்த இரண்டு தடவையும் வாப்பா கதிரையில் இருந்து மழை எப்படி, வேளாண்மை எப்படி என்றுதான் கதைத்தார். நானும் அவருடைய முகத்தைத்தான் பார்த்தேன். கோலில் யாருடைய காலைப் பார்க்கிறோம்?

வெளிநாட்டுப் பிள்ளைக்குக் கெட்ட செய்தி சொல்வதில்லை என்பது நம்ம பக்கத்தில் எழுதாத சட்டம். மௌத்தை, அதாவது சாவைக்கூட முதலில் "கொஞ்சம் சுகமில்ல" என்றுதான் சொல்வார்கள். அந்தச் சட்டத்தை மீறித் தங்கச்சி படம் அனுப்பியிருக்கிறாள் என்றால் நிலைமை என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

நான் இருக்கிற வீட்டின் மேல் மாடியில் ஜெயந்தி அக்கா இருக்கிறார். எங்கள் பக்கத்துத் திருக்கோவில் ஊர்க்காரர். இங்கே ஆஸ்பத்திரியில் தாதி, அதுவும் சீனிக்காரர்களின் காயம் பார்க்கிற வார்டில். படத்தைக் காட்டினேன். அவர் போனைக் கிட்டப் பிடித்தார், தூரப் பிடித்தார், கண்ணாடியைக் கழற்றினார், போட்டார்.

"என்னடா தம்பி இது? காலா, கருவாடா?"

"வாப்பாட கால் அக்கா."

அதோடு பகிடி நின்றது.

"இந்தப் படத்த வச்சு நான் ஒண்டும் சொல்ல ஏலா. கறுப்பாத் தெரியிது. உண்மையிலயே கறுப்பெண்டா நல்லதில்ல. தசை செத்துப்போய்க் கிடக்கலாம். ஆழமாப் போயிருந்தா வெட்டித்தான் எடுக்கவேண்டி வரும்."

"எத?"

"அத நான் இப்ப சொல்ல மாட்டன். நீயும் கேக்காத." பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கினார். "எங்கட வார்டிலயும் காயத்தப் போன்லதான் படம் எடுக்கிற. அதுக்கொரு முறை இரிக்கி. பகல் வெளிச்சத்துல, நேரா மேல இருந்து, பக்கத்துல அளவு தெரியிற மாதிரி ஒரு சாமான வச்சு எடுக்கணும். நாளைக்கு அப்பிடி ஒண்டு எடுப்பி. நான் லீவுலதான் நிக்கிறன், உடனே அனுப்பு. கறுப்பெண்டா நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு ஏத்து, கிளினிக் நாள் வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்காத."

அறைக்குப் போய் டிக்கட் பார்த்தேன். புதன் மாலை ஒரு விமானம். மத்தியானம் ஒரு மணி வரைக்கும் ஆசனத்தைப் பிடித்து வைக்கலாம் என்றிருந்தது. பிடித்து வைத்தேன். வாப்பாவை எனக்குத் தெரியும். வெட்டுவது என்ற சொல்லை ஆஸ்பத்திரியில் கேட்டாரென்றால் எழும்பி வீட்டுக்கு நடந்து வந்துவிடுவார். உம்மாவாலும் பதினேழு வயது ஸஹ்னாவாலும் அவரைப் பிடித்து நிறுத்த முடியாது. நான் போகத்தான் வேண்டும். போனால் விசா போச்சு. திரும்பி வர வழியில்லை.

இரண்டு வருஷமும் வாப்பாவின் காலும் ஒரு படத்தில் தொங்கின. அந்தப் படத்தை எடுக்கப்போவதோ, சோற்றுக் கோப்பையைத் தவிர வேறெதையும் எடுத்துப் பழக்கமில்லாத என் தங்கச்சி.

4

இங்கே காலை பத்தரை என்றால் ஊரில் பின்னேரம் நாலு. மாரி காலம் வேறு, ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஆக பத்தரைக்கு எனக்கு இடைவேளை கிடைத்தே ஆக வேண்டும்.

எங்கள் மேற்பார்வையாளர் ஒரு போலந்துக்காரி, சிரிக்கவே மாட்டார். அவரிடம் போய் என் தகப்பனின் லெக் கறுப்பாகிவிட்டது என்றேன். நமக்குக் கால் என்றால் விரலில் இருந்து தொடை வரைக்கும் ஒரே கால்தான். அவர் முழுக் காலையும் நினைத்துவிட்டார். நான் திருத்தப் போகுமுன்னே ஒரு தேத்தண்ணியைக் கையில் தந்து, மாவு மூட்டை அடுக்குகிற அறையைத் திறந்துவிட்டு, கதவையும் சாத்திவிட்டுப் போனார். நான் திருத்தவில்லை.

படம் எடுக்க ஸஹ்னாவின் போன் வேண்டும், ஆகவே வீடியோ கோலை உம்மாவின் போனுக்கு எடுத்தேன். முதலில் வந்தது வாப்பாவின் மூக்கு.

"என்னடா இந்த நேரத்துல?" என்றார். பிறகு கொஞ்சம் உற்றுப் பார்த்தார். "தலைல என்ன? நீ ஆஸ்பத்திரிலயா கிடக்காய்?"

தலையில் பேக்கரித் தொப்பி. கழற்ற மறந்துவிட்டேன். "தரக்கட்டுப்பாட்டுத் தொப்பி வாப்பா. சுத்தத்துக்கு."

"மூஞ்செல்லாம் வெள்ளையா இரிக்கி?"

"இங்க குளிர். அத விடுங்க. காலுல காயமாமே."

"ஆரு சொன்ன?"

"காத்து சொன்னிச்சி."

"அந்தக் காத்துக்கு ரெட்டப் பின்னல் இரிக்கா எண்டு கேக்கன்." திரும்பி ஸஹ்னாவைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

கறுப்பு என்ற சொல்லை நான் எடுக்கவில்லை. ஸஹ்னாவிடமும் எடுக்க வேண்டாம் என்று காலையிலேயே சொல்லியிருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரு தாதி பார்க்கிறார், ஒரு படம் வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"காலப் படம் எடுத்து ஒரு பொம்புளைக்கு அனுப்புறதா?" என்றார் வாப்பா. "மனிசனுக்கு மூஞ்சக் காட்டலாம், கையக் காட்டலாம். உள்ளங்காலத் தூக்கிக் காட்டுறது மரியாதயா?"

"அவங்க ஒரு நாளைக்கு நாப்பது கால் பாக்கிறவங்க."

"அப்ப என்ட கால் எதுக்கு?"

உம்மா பின்னால் இருந்து ஒரு சத்தம் போட்டார். "அவன் அங்க வேல வெட்டிய விட்டுட்டு நிக்கான். நீட்டுங்க கால." வாப்பா நீட்டினார். கட்டை அவிழ்க்கிறபோது உம்மா மட்டும் கொஞ்சம் தயங்கின மாதிரி இருந்தது. காயத்தைப் பார்க்க மனம் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி நான் ஸஹ்னாவுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். காயம் எடுத்தாலும் கல்யாணம் எடுத்தாலும் முறை இதுதான்.

"முதல்ல கமராக் கண்ணத் துடை."

"துடச்சிட்டன்."

"எதால?"

"விரலால."

"ஒன்ட விரல்ல என்ன எண்ணெய் இரிக்கெண்டு எனக்குத் தெரியும். பருத்தித் துணியால துடை." அவள் வாப்பாவின் சாரன் நுனியைப் பிடித்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டார். பிறகு தன் முந்தானையால் துடைத்தாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், ஊரில் எடுக்கிற படங்களில் பாதி மங்குவதற்கு இது ஒன்றுதான் காரணம்.

அடுத்தது வெளிச்சம். லைட்டைப் போட வந்த உம்மாவை நிறுத்தினேன். மஞ்சள் பல்பில் எல்லாத் தோலும் மஞ்சள், டியூப் லைட்டில் எல்லாத் தோலும் பிணம். பிளாஷ் அடித்தால் ஈரமான இடமெல்லாம் வெள்ளையாகிவிடும். ஜன்னல்தான் வேண்டும், அதுவும் பக்கவாட்டில். வாப்பாவைக் கதிரையோடு ஜன்னலடிக்கு நகர்த்தினோம். வெளியே மழை இருட்டு. ஒரு பக்கம் வெளிச்சம் விழுந்தது, மறுபக்கம் நிழல். அந்த நிழலை எடுக்க வெள்ளையாக ஏதாவது பிடிக்க வேண்டும்.

"வெள்ளையா என்ன இரிக்கி?"

"வாப்பாட ஜும்ஆச் சட்ட இரிக்கி."

"அதப் பிடிங்க உம்மா. காலுக்கு மத்தப் பக்கம், விரிச்சி."

உம்மா சட்டையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு குந்தினார். நிழல் கரைந்தது. கெம்பஸில் இருந்த காலத்தில் இப்படி ஒரு உதவியாளர் எனக்குக் கிடைக்கவில்லை.

"இப்ப பக்கத்துல ஒரு காசி வை. அளவு தெரியணும்."

ஸஹ்னா ஒரு பத்து ரூபாய்க் காசை வைத்தாள். வாப்பா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது எதுக்கு? என்ட கால என்ன ஏலத்துக்கா விடப்போறாய்?"

"ஆடாதீங்க வாப்பா."

"பத்து ரூவாதானா வெல?"

ஸஹ்னா சிரித்ததில் முதல் படம் ஆடிப்போனது. "முழங்கைய முழங்காலுல ஊண்டு," என்றேன். "மூச்சப் பிடி. சூம் இழுக்காத, நீ கிட்டப் போ. ரொம்பக் கிட்டப் போனா மங்கும், மங்கினா ஒரு சாண் பின்னுக்கு வா. காயத்துல விரலால ஒருக்கா தட்டு."

"காயத்துலயா?" வாப்பா காலை மடக்கினார்.

"திரையில தெரியிற காயத்துல."

அவள் எடுத்து அனுப்பினாள். மாவு மூட்டையில் இருந்துகொண்டு திறந்தேன். தெளிவாக இருந்தது. ஆனால் முழுக் காலும் சாம்பல், காசுகூடக் கறுத்துப்போயிருந்தது. பத்து ரூபாய்க் காசு அந்த நிறம் இல்லையே.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

"ஸஹ்னா. கமராவத் திற. மேல மூணு வட்டம் ஒண்டோட ஒண்டு பின்னிக் கிடக்கும். நிறமா எரியிதா?"

"ஓம். எப்பவும் எரியிற தானே. நீங்க தந்த நாளயில இருந்து."

என்னுடைய பில்டர். இரண்டு வருஷமாக என் வீட்டை, என் வயலை, என் தங்கச்சியின் பள்ளிக்கூட விழாவை எல்லாம் அது கறுப்பாக்கிக்கொண்டிருந்திருக்கிறது. நேற்று முழுக்க என் உயிரை எடுத்த கறுப்பை நானேதான் பெட்டி கட்டும்போது விட்டுவிட்டு வந்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"அத அமத்து. பில்டர் வேணாம் எண்டு போடு. மறுகா எடு."

5

அடுத்த படம் வந்தது. கால் வாப்பாவின் கால் நிறத்தில் இருந்தது. வயல்காரனின் வெடித்த குதிகால், ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு வெடிப்பும் தெரிந்தது. காசு காசு நிறத்தில் இருந்தது. சட்டை வெள்ளை வெள்ளையாக இருந்தது.

நடுவில் வட்டம் மட்டும் கறுப்பாகவே இருந்தது.

இதைவிட நேற்று வந்த படம் எவ்வளவோ மேல். நேற்று எல்லாமே கறுப்பு, ஆகவே பொய் என்று சொல்லிக்கொள்ளலாம். இன்றைக்கு எல்லா நிறமும் சரி, அதனால் அந்தக் கறுப்பும் சரி. நல்ல படம் எடுத்தால் இப்படியும் ஒரு விளைவு உண்டு. மறுத்துக் கதைக்க இடமிருக்காது.

படத்தை ஜெயந்தி அக்காவுக்கு அனுப்பினேன். பதில் ஒரு நிமிஷத்தில் வந்தது. "கறுப்புத்தான் தெரியிது தம்பி. ஆனா கிட்டப் பாத்தா கட்டங்கட்டமா உடையிது. இந்த ஆப்புல படமா அனுப்பினா அது சுருக்கிப்போடும். பைலா அனுப்பச் சொல்லு."

மணி பதினொன்றே கால். ஊரில் நாலே முக்கால். ஜன்னலில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. ஆசனம் இன்னும் என் பெயரில் இருந்தது. என் போன் பெட்டரி இருபதில் நின்றது.

"ஸஹ்னா, படத்தப் படமா அனுப்பாத. அந்தக் கிளிப் மாதிரி இருக்கிறத அமத்தினா பைல் எண்டு வரும். அதுக்குள்ள போய் எடு."

"சுணங்குது காக்கா. சிக்னல் ஒரு கோடுதான் இரிக்கி."

"பரவால்ல. நிக்கிறன்."

வாப்பா கோலிலேயே இருந்தார். என் தோளுக்குப் பின்னால் கண்ணை ஓட்டிவிட்டு, அவரே தொடங்கினார். "நீ நிக்கிற இடத்துல பின்னால என்ன மூட்ட?"

"சாமான் வாப்பா."

"ஆபிஸ்ல மூட்ட என்னத்துக்கு?"

அதற்குள் பைல் வந்துவிட்டது.

விரலால் விரித்தேன். குதிகால் பெரிசானது. காயம் பெரிசானது. கறுப்பு பெரிசானது. இன்னும் விரித்தேன். கறுப்பு உடைந்தது. அது ஒரு தோல் இல்லை, ஒரு தகடு இல்லை. மணி மணியாக இருந்தது. மூன்று மூலை வைத்த, நொருங்கின, சின்னச் சின்ன மணிகள். இடையில் தேன் நிறத்தில் ஏதோ மினுங்கியது. தேன் நிறம் என்ன, தேனேதான்.

அந்த மணிகளை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கேயோ என்ன, தினமும் காலை ஐந்து மணியில் இருந்து பார்க்கிறேன். நிமிர்ந்தேன். எதிர்த் தட்டில், வாய் திறந்த பை ஒன்றில் அது கிடந்தது. ஒரு கிள்ளு எடுத்து உள்ளங்கையில் போட்டு, போன் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

"உம்மா," என்றேன்.

ஜும்ஆச் சட்டை ஒரு சாண் மேலே ஏறியது.

"உம்மா, வாப்பாட காலுல என்ன பூசின?"

சட்டை மெல்லக் கீழே இறங்கியது. உம்மாவின் கண் மட்டும் தெரிந்தது.

"கருஞ்சீரகம்," என்றார். "அரச்சி, தேனுல கொழச்சி. அதுல சுகமாக்கிற ஷிஃபா இரிக்கி தானே மகன்."

"எப்ப இருந்து?"

"ஒரு கிழம. கிளினிக்குல மருந்து கட்டுற மிஸ்ஸி ஒண்டும் பூசப்படாதெண்டு சொன்ன. அதால கிளினிக் போற நாளயில கழுவிப்போட்டுத்தான் கூட்டிப் போற."

ஸஹ்னா வாயைப் பொத்திக்கொண்டாள். வாப்பா தன் காலைத் தூக்கி, முதல் தடவையாகப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். "நீ மருந்தெண்டு பூசினது இதயா? நான் ஆஸ்பத்திரி மருந்தெண்டுல்ல நெனச்சன். ரெண்டு மூணு நாளா எறும்பு வருது, எனக்குச் சீனி கூடிட்டெண்டு பயந்து ஆருட்டயும் சொல்லாம இருந்தன்."

நான் மாவு மூட்டையில் சாய்ந்துவிட்டேன். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். போலந்துக்காரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனதைப் பார்த்தால் வேறு மாதிரியும் இருந்திருக்கலாம்.

யோசித்துப் பாருங்கள். கறுப்பு என்ற ஒரு சொல்லை யாராவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால், உம்மா அந்த இடத்திலேயே "அது நான் பூசினது" என்று சொல்லியிருப்பார். வாப்பா பயப்படுவார் என்று நான் சொல்லவில்லை. நான் பயப்படுவேன் என்று உம்மா சொல்லவில்லை. சீனி கூடினதுக்கு உம்மா ஏசுவார் என்று வாப்பா எறும்பைக்கூடச் சொல்லவில்லை. ஒரு வீட்டில் இத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு இருந்தால், உண்மையைச் சொல்ல ஒரு போன் கமராதான் மிஞ்சும்.

6

ஜெயந்தி அக்கா சொன்னபடி கொதித்து ஆறின தண்ணீரால் உம்மா மெதுவாகக் கழுவினார். கடைசி வெளிச்சத்தில் ஸஹ்னா மூன்றாவது படம் எடுத்தாள். இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. துணி, ஜன்னல், சட்டை, காசு, பில்டர் இல்லை, பைல். எல்லாம் அவளே.

சிவப்பு. காசைவிடக் கொஞ்சம் சின்ன வட்டம், நல்ல சிவப்பு.

அக்கா எழுதவில்லை, கோல் எடுத்தார். "தம்பி, இது இரத்தம் ஓடுற சிவப்பு. ஆறுற காயம். ஓரத்தப் பார், புதுத் தோல் வருது. நாளைக்குக் கிளினிக்கில காட்டட்டும். அம்மாட்டச் சொல்லு, அந்தக் கருஞ்சீரகத்தச் சாப்பாட்டில போடட்டும், காலுல போட வேணாம்."

மணி பன்னிரண்டேகால். பிடித்து வைத்த ஆசனத்தை விட்டேன். விசா விண்ணப்பம் இருந்த இடத்தில் இருக்கிறது, இன்னும் முடிவு வரவில்லை. வரட்டும், அவசரமில்லை. அன்றைக்குப் பின்னேரம் நான் அறைந்த ரொட்டி ஒன்றும் கருகவில்லை.

வியாழக்கிழமை கிளினிக்கில் மிஸ்ஸி காலைப் பார்த்து நல்லா ஆறுது என்றாராம். எறும்புக் கதையை வாப்பா அங்கேயே போட்டு உடைத்ததில் உம்மாவுக்குக் கால் மணி நேரம் ஏச்சு. வரும் வழியில் இரண்டு பேரும் கதைக்கவில்லையாம். வீட்டு வாசலில் வாப்பா, "நீ பூசின இடத்துல ஆறினதாக்கும்" என்று சொன்ன பிறகுதான் உம்மா சோறு போட்டாராம். இவ்வளவும் ஸஹ்னாவின் அறிக்கை. இப்போது எனக்கு ஒன்றையும் மறைப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறாள். ஆட்டுக்குட்டி கிணற்றடியில் வழுக்கினதுக்கும் படம் வருகிறது.

நேற்று, இரண்டு வருஷம் நிறைந்த நாள். கட்டுநாயக்கப் படத்தை எடுத்தேன், பார்த்தேன், வைத்துவிட்டேன். இடைவேளையில் அடுப்படி ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று, கமராக் கண்ணைத் துடைத்து, போனை மாவு டின்னில் சாய்த்து வைத்து ஒரு படம் எடுத்தேன். தொப்பி, ஏப்ரன், மூக்கில் மாவு. சட்டைக் கை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தது. பின்னால் அடுப்பு. ஒன்றையும் வெட்டவில்லை. குடும்பக் குறூப்பில் போட்டு, கீழே எழுதினேன்: "தரக்கட்டுப்பாடு. ரெண்டு வருஷம்."

அரை மணி நேரம் அடுப்புக்கும் போனுக்கும் இடையில் நடந்தேன். பிறகு வாப்பாவின் குரல் பதிவு வந்தது. மாவு அறைக்குள் போய்க் கேட்டேன்.

"படம் தெளிவா இரிக்கி. ரொட்டியும் நல்லாத்தான் உப்பி இரிக்கி. அண்டைக்கே மூட்டயக் கண்டு எனக்கு விளங்கிட்டு, நீயாச் சொல்லுவாய் எண்டு இருந்தன்." தூரத்தில் உம்மா ஏதோ கேட்பது கேட்டது. பிறகு மறுபடியும் வாப்பா:

"அது சரி, ஒன்ட கையில என்ன அது, முழங்கைக்குக் கீழ? சுட்டதா? கிட்டப் போய் இன்னொண்டு எடுத்து அனுப்பு. பைலா அனுப்பு. பக்கத்துல ஒரு காசியும் வெச்சி எடு."

சட்டைப் பையில் தேடினேன். ஒரு பென்னிக் காசு இருந்தது. ஜன்னலுக்குத் திரும்பிப் போனேன்.